ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓடட்டும்

ஏதோ ஓர் ஊருக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே நம்மில் பலர் இரயில் ஏறுகிறோம். ஆனால், பாதையைப் பார்க்கவேண்டும் என்பதற்காக மட்டுமே இரயில் ஏறும் மனிதர்களும் உலகில் இருக்கிறார்கள். பிரிட்டனில் இது பல்லாண்டுப் பொழுதுபோக்கு. இரயில் ஆர்வலர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு முழு இரயிலையே வாடகைக்கு எடுப்பார்கள். அந்த இரயில், பயணிகள் வழக்கமாகப் போகும் பாதையில் மட்டும் போகாது. நிலக்கரியும் கல்லும் எண்ணெயும் ஏற்றிச் செல்லும் சரக்குப் பாதைகளில் போகும். துறைமுகத்தின் மூலைக்கும் கல்லுடைப்பு ஆலையின் வாசலுக்கும் போய்த் திரும்பும். பயணிகள் கையில் வரைபடமும் குறிப்பேடும் இருக்கும். எந்த நிமிடத்தில் எந்தப் பாலத்தைக் கடந்தோம் என்று குறித்துக்கொள்வார்கள். மாலையில், புறப்பட்ட நிலையத்திலேயே வந்து இறங்குவார்கள்.

இதைக் கேட்டவுடன், "வேலையற்றவர்களின் வேலை" என்று சிலர் சிரிக்கக்கூடும். போகவேண்டிய இடம் ஏதும் இல்லாமல் ஒரு நாள் முழுவதும் இரயிலில் சுற்றுவது வீண் செலவு என்றும் தோன்றலாம். நான் அப்படிக் கருதவில்லை. மக்கள் கண்ணில் படாத பாதை மெல்ல மெல்ல மக்கள் மனத்திலிருந்தும் மறைகிறது. மனத்திலிருந்து மறைந்த பாதையை அகற்றும்போது கேள்வி கேட்க ஒருவரும் இருப்பதில்லை. ஆகவே, இத்தகைய பயணங்கள் நம் நாட்டுக்கும் தேவை. குறிப்பாக, தோட்டங்களுக்கு நடுவே தண்டவாளம் ஓடிய நெகிரி செம்பிலான் மாநிலத்திற்கு அவை மிகவும் தேவை என்பதே என் கருத்து.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ஓர் இரயில் பாதை இருந்தது என்பதை மாணவர்களாகிய உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? இன்று கடற்கரைக்குச் செல்லும் குடும்பங்கள் காரில் போகின்றன; பேருந்தில் போகின்றன. அந்தச் சாலைக்குச் சற்றுத் தொலைவில், புதருக்குள், மலாயாவின் மூத்த இரயில் பாதைகளில் ஒன்று உறங்கிக் கிடக்கிறது.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரும் கிள்ளான் ஆற்றங்கரையும் இணைக்கப்பட்டன. மூன்றாவதாக வந்தது சிரம்பான் - போர்ட்டிக்சன் பாதை. சுங்கை ஊஜோங் இரயில்வே என்ற பெயரில் 1891இல் அது ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 39 கிலோமீட்டர் நீளம். மற்ற இரண்டையும் அரசாங்கம் அமைத்தது. இதை ஒரு தனியார் நிறுவனம் அமைத்தது. 1908இல்தான் இது மலாய்க் கூட்டரசு இரயில்வேயின் கைக்கு வந்தது. பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை நெடும் பாதை முழுமை பெற்றது 1909இல். நாட்டின் முதுகெலும்பு என்று சொல்லப்படும் அந்தப் பெரும் பாதை நிறைவடைவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே போர்ட்டிக்சனுக்கு இரயில் போய்விட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பாதை ஏன் போடப்பட்டது? ஈயத்திற்காக. சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் வெட்டியெடுத்த ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு செல்லவேண்டும். ஆற்று வழி மெதுவானது. மாட்டு வண்டிப் பாதை மழையில் சேறாகிவிடும். எனவே தண்டவாளம் வந்தது. பின்னர் இரப்பர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு அழிந்து இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தபோது, இரயில் பாதைக்கு அருகில் இருந்த நிலத்திற்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. மம்பாவ், சிலியாவ் போன்ற சிறு நிலையங்கள் தோட்டங்களின் வாசலாக மாறின. தோட்டத்தில் உலர்த்திய இரப்பர்ப் பாளங்கள் வெளியே போயின. அரிசி மூட்டையும் கடிதமும் புதிதாக வந்த மனிதர்களும் உள்ளே வந்தார்கள்.

அந்த மனிதர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கி, அங்கிருந்து இரயிலேறித் தோட்டம் வந்து சேர்ந்தவர்கள். மலாயா மண்ணில் அவர்கள் முதன்முதலாகப் பார்த்த பெரும் காட்சி, பெரும்பாலும் இரயில் சன்னலுக்கு வெளியே ஓடிய காடாகத்தான் இருந்திருக்கும். இரயிலில் பயணம் செய்தவர்கள் மட்டுமல்லர் தமிழர்கள். இரயிலை ஓடவைத்தவர்களும் அவர்களே. சரளைக்கல் கொட்டி, சிலிப்பர் கட்டை அடுக்கி, தண்டவாளத்தை நிமிர்த்தி வைத்த கைகளில் பெரும்பகுதி தென்னிந்தியத் தொழிலாளர்களின் கைகள். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் பணியாற்றினார்கள். அக்கால நிலையங்களின் பெயர்ப் பலகைகளில் ரோமன், ஜாவி, சீன எழுத்துகளோடு தமிழ் எழுத்தும் இருந்தது. யாரும் போராடிப் பெற்ற சலுகை அல்ல அது. அந்த மேடையில் நடமாடியவர்களுக்குத் தேவைப்பட்ட ஒன்று.

பிறகு அந்தப் பாதை ஏன் ஓய்ந்தது? ஒரே நாளில் ஓய்ந்துவிடவில்லை. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம் திறக்கப்பட்டதும், பெரிய கப்பல்கள் அங்கே போகத் தொடங்கின. சாலைகள் பெருகின, லாரி, தோட்டத்தின் வாசல் வரை வந்தது. இரயிலுக்கோ நிலையம் வரைதான் வரமுடியும். பயணிகளும் பேருந்தை நாடினார்கள். 1960களில் போர்ட்டிக்சனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்ததும் பாதைக்கு மறுவாழ்வு கிடைத்தது. எண்ணெய்த் தொட்டி வண்டிகள் அதில் ஓடின. அப்போது அது முற்றிலும் சரக்குப் பாதையாகவே மாறிப்போனது. 2000களின் பிற்பகுதியில் அந்தச் சரக்கு வண்டிகளும் நின்றன. மீண்டும் இரயில் விடவேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது, அடங்குகிறது. லாலான் புல் மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

"ஓடாத பாதை கிடந்தால் என்ன, போனால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு, பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1905இல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளைப் பாதை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். சயாமிற்கும் பர்மாவிற்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்திற்கு அவர்கள் அமைத்த இரயில் பாதைக்குத் தண்டவாளம் வேண்டியிருந்தது. கெமாஸிலிருந்து பகாவ் வழியாகத் தும்பாட் வரை செல்லும் கிழக்குக் கரைப் பாதையிலும் நெடுந்தொலைவுக்குத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது.

தண்டவாளத்தை மட்டுமா கொண்டு போனார்கள்? மனிதர்களையும் கொண்டு போனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை என்று ஆசை காட்டி அழைத்துப் போனதும் உண்டு. வலுக்கட்டாயமாக ஏற்றியதும் உண்டு. மலேரியாவும் வாந்திபேதியும் பசியும் அடியும் அவர்களைத் தின்றன. அந்தப் பாதையில் மடிந்த ஆசியத் தொழிலாளர்கள் மட்டும் ஏறத்தாழ 90,000 பேர் என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அதனால்தான் தமிழில் அதைச் சயாம் மரண இரயில் என்கிறோம். தம் ஊரில் தாமே பராமரித்த தண்டவாளம், அந்நியக் காட்டில் தம் உயிரையே குடிக்கும் பாதையாக மாறுவதைப் பார்க்க நேர்ந்த தலைமுறை அது.

போர் முடிந்தது. கிழக்குக் கரைப் பாதை மீண்டும் போடப்பட்டது. ஆனால், மலாக்காப் பாதை திரும்பவே இல்லை. இன்றும் மலாக்கா நகருக்கு இரயில் கிடையாது. புலாவ் செபாங் - தம்பின் நிலையத்தில் இறங்கி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் சாலையில்தான் போகவேண்டும். உலகப் பாரம்பரிய நகரமாக 2008இல் யுனெஸ்கோ அறிவித்த ஊருக்கு இரயில் நிலையம் இல்லை! அகற்றியதற்கு ஒரு போர் போதுமானதாக இருந்தது. மீண்டும் போடுவதற்கு எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட அமைதிக் காலம்கூடப் போதவில்லை.

இதில் பொதிந்துள்ள உண்மையை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் இரயில் பாதையின் உண்மையான செல்வம் இரும்பு அன்று. தொடர்ந்து செல்லும் நிலம். இரும்பு துருப்பிடித்தால் புதிய இரும்பு வாங்கலாம். சிலிப்பர் கட்டை இற்றுப்போனால் சிமெண்டுக் கட்டை போடலாம். ஆனால், 39 கிலோமீட்டருக்கு இடைவெளியின்றி ஓடும் ஒடுங்கிய நிலத்துண்டு ஒருமுறை அறுபட்டால், அதை மறுபடியும் ஒட்டுவது மிகக் கடினம். நடுவில் ஒரு வீடமைப்புத் திட்டம் வந்தால் போதும். ஒரு கடைவரிசை வந்தால் போதும். இரு பக்கமும் மிச்சமிருக்கும் பாதைக்குப் பொருள் இல்லாமல் போய்விடும். இரயில் செங்குத்தாக ஏறாது. அதற்குச் சாய்வு மிகக் குறைவான வழி வேண்டும். அதற்காகவே அக்காலத் தொழிலாளர்கள் மேட்டை வெட்டினார்கள்; பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கினார்கள். மண்வெட்டியும் கூடையும் கொண்டு செய்த அந்த உழைப்பு இன்னும் அந்த நிலத்தில் இருக்கிறது. அதை நாம் காசு கொடுக்காமல் பெற்றிருக்கிறோம். இழந்தால், பெருங்காசு கொடுத்தாலும் பெறமுடியாது.

சரி, நிலத்தைக் காக்கச் சட்டம் போதாதா, இரயில் ஆர்வலர்களின் சுற்றுப்பயணம் எதற்கு என்று கேட்கலாம். சட்டம் வேண்டும்தான். ஆனால், பயன்படுத்தப்படும் பொருளையே மக்கள் காக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரயில் போகும் பாதையில், அந்த ஒரு நாளுக்காகப் புல் வெட்டப்படும், பாலம் சோதிக்கப்படும், கதவுக் கடவு பழுது பார்க்கப்படும். அந்தப் பாதையை அறிந்த ஓட்டுநர் ஒருவராவது இருப்பார். இரயில் ஓட்டுநர் தாம் செல்லும் பாதையின் ஏற்ற இறக்கம், வளைவு, வேக எல்லை ஆகிய அனைத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் அடிப்படை. ஓட்டம் முற்றாக நின்றுவிட்டால், அந்த அறிவும் ஓய்வு பெற்றவர்களோடு போய்விடும்.

இரண்டாவது பயன் இன்னும் பெரியது. சாலை, ஊரின் முகத்தைக் காட்டுகிறது. இரயில், ஊரின் முதுகைக் காட்டுகிறது. நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு நெகிரி செம்பிலான் என்றால் எண்ணெய் நிலையமும் உணவுக்கடையும் விளம்பரப் பலகையும்தான். இரயில் பாதையோ பழைய தோட்டங்களின் பின்புறமாகப் போகிறது. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்பதையும், செம்பனை நின்ற இடத்தில் மாடி வீடுகள் எழுவதையும் அதிலிருந்து காணலாம். லயம் போன இடத்தில் ஒரு வேப்பமரமும் சிறு கோவிலும் மட்டும் தனித்து நிற்கலாம். தோட்டத்து மக்கள் இடம்பெயர்ந்து போன வரலாற்றை ஒரு பக்கப் பாடம் சொல்வதைவிட, ஒரு மணி நேர இரயில் பயணம் தெளிவாகச் சொல்லிவிடும்.

பெயர்களைப் பாருங்கள். ரந்தாவ், சிலியாவ் வட்டாரத்தில் லின்சம், அதர்டன், பிராட்வால் என்று தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்தவர்கள் தங்கள் பள்ளிக்கு ஏன் ஆங்கிலேயப் பெயர் வந்தது என்று கேட்டிருப்பார்களா? அந்தத் தோட்டத்து இரப்பர் எந்த நிலையத்தில் ஏறி, எந்தத் துறைமுகத்திற்குப் போயிற்று என்று யாரேனும் சொல்லிக் கொடுத்திருப்பார்களா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்த பாட்டன்மாரும் பாட்டிமாரும் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து இருக்கமாட்டார்கள். இந்த விவாதத்தில் அவசரம் என்று ஏதேனும் இருந்தால், அது இதுதான்.

ஓய்ந்த பாதை மீண்டும் எழுமா என்ற ஐயம் தேவையில்லை. நம் நாட்டிலேயே சான்று உண்டு. செந்தூலிலிருந்து பத்துமலைக்குச் செல்லும் கிளைப் பாதை நெடுங்காலம் சரக்குப் பாதையாகவே இருந்தது. அது இரட்டைப் பாதையாக்கப்பட்டு, மின்மயமாக்கப்பட்டு, 2010இல் கொமுட்டர் சேவைக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று தைப்பூசத்திற்குப் பத்துமலை செல்லும் பக்தர்கள் கூட்டம் கூட்டமாக அதில் போகிறார்கள். அந்த நிலத்தைக் கடைக்கும் வீட்டுக்கும் விட்டிருந்தால், அந்த இரயில் இன்று இருக்குமா?

சபாவில் தஞ்சோங் ஆருவிலிருந்து பாப்பார் வரை, விறகு எரித்து ஓடும் நீராவி இரயில் ஒன்று 2000ஆம் ஆண்டு முதல் சுற்றுப்பயணிகளுக்காக விடப்பட்டது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் ஏறும் நீலகிரி மலை இரயிலை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், கற்பலகைச் சுரங்கத்திற்காகப் போடப்பட்ட தாலிலின் என்ற சிறிய பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, தன்னார்வலர்கள் கைகொடுத்து 1951 முதல் ஓட்டத் தொடங்கினார்கள். இன்றும் அது ஓடுகிறது. இவற்றுள் எதுவும் விரைவு இரயில் அன்று. மெதுவாகப் போவதே அவற்றின் சிறப்பு.

இரயிலே விடமுடியாது என்றாலும் வழி உண்டு. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி மலாயன் இரயில் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். அதன்பின் தண்டவாளம் அகற்றப்பட்டது. ஆனால், நிலத்தைத் துண்டு போடவில்லை. 24 கிலோமீட்டர் நீளமுள்ள பசுமைப் பாதையாக அதை வைத்துக்கொண்டார்கள். இன்று அதில் மக்கள் நடக்கிறார்கள், மிதிவண்டி ஓட்டுகிறார்கள், பழைய இரும்புப் பாலங்களின் மேல் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். நிலம் விலைமதிப்பற்ற அந்தச் சிறிய தீவே இதைச் செய்ய முடிந்ததென்றால், நம்மால் முடியாதா?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் கருத்துகளையும் நாம் பொறுமையாகக் கேட்கவேண்டும். முதலாவது, செலவு. கிராமப்புறத்துப் பேருந்துக்கும் பள்ளிக் கட்டடத்திற்கும் பணம் போதாத வேளையில், புதர் மண்டிய தண்டவாளத்திற்குச் செலவிடுவது முறையா என்பது நியாயமான கேள்வி. ஆர்வலர் பயணங்களின் சிறப்பே, பயணம் செய்பவர்கள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்பதுதான். ஆயினும், கெட்டுப்போன பாதையைச் சீர்செய்யும் செலவு பயணச்சீட்டு விலையில் அடங்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே, போர்ட்டிக்சன் பாதை முழுவதையும் நாளையே திறக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நிலத்தை விட்டுவிடாமல் வைத்திருப்பதற்கு ஆகும் செலவு குறைவு. அதையாவது செய்யவேண்டும் என்றே கேட்கிறேன்.

இரண்டாவது, பாதுகாப்பு. பழைய பாதையும் பழைய பாலமும் ஆபத்தானவை என்பதில் ஐயமில்லை. இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆர்வம் இருக்கிறது என்பதற்காக, அனுமதியின்றித் தண்டவாளத்தில் நடக்கக்கூடாது. அது குற்றமும் ஆகும், உயிருக்கும் கேடாகும். முறையான பயணம் வேண்டும் என்று நான் வாதிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பார்ப்பதற்கு நேர்வழி இருந்தால், குறுக்குவழியில் யாரும் போகமாட்டார்கள்.

மூன்றாவது கருத்துத்தான் என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்தது. "அந்த இரயில் நமக்காகப் போடப்பட்டதா? வெள்ளைக்காரர்களின் ஈயத்திற்கும் இரப்பருக்கும் போடப்பட்டது. துன்பப்பட்ட காலத்தை ஏன் கொண்டாடவேண்டும்?" என்று தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் பால் வெட்டி, சொற்பக் கூலி வாங்கியவர்களுக்கு அந்த இரயிலின் ஊதல் இனிமையான இசையாக இருந்திருக்காது. ஆனால், நினைவுகூர்வது வேறு, கொண்டாடுவது வேறு. நிறுவனத்தின் இலாபம் கணக்குப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. துரைமார்களின் பெயர் சாலைகளிலும் ஊர்களிலும் பதிவாகியிருக்கிறது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கே பதிவாகியிருக்கிறது? அவர்கள் விட்டுச்சென்ற ஒரே ஆவணம் அந்தப் பாதைதான். அதையும் அழித்துவிட்டால், அவர்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறு எதைக் காட்டுவோம்? துன்பப்பட்ட காலம் என்பதனாலேயே அதைக் காக்கவேண்டும் என்பேன்.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில், இருக்கும் பாதையிலிருந்து தொடங்கலாம். சிரம்பானிலிருந்து ரெம்பாவ், தம்பின் வழியாகக் கெமாஸ் வரை இன்று மின்சார இரட்டைப் பாதை இருக்கிறது. கெமாஸிலிருந்து பகாவுக்கு 1910இல் திறக்கப்பட்ட பாதையில் இன்றும் இரயில் ஓடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளி விடுமுறையில், இந்தத் தடத்தில் ஒரு சிறப்பு இரயில் விடலாம். காலையில் சிரம்பானில் ஏறுபவர்களுக்கு ஒரு வரைபடம் கொடுக்கலாம். தம்பினில், மலாக்காவுக்குப் பிரிந்த பாதையின் கதையைச் சொல்லலாம். கெமாஸில், 1942ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நடந்த போரைப் பற்றிச் சொல்லலாம். பகாவில் இறங்கி, அங்கிருந்து கோலப்பிலாவுக்குச் சென்று இன்று மறைந்துபோன கிளைப் பாதையைப் பற்றிப் பேசலாம். பேசுபவர்கள் வரலாற்று ஆசிரியர்களாக மட்டும் இருக்கவேண்டாம். தண்டவாளத்தில் வேலை பார்த்தவர், தோட்டத்தில் பால் வெட்டியவர், நிலையத்தில் சீட்டுக் கொடுத்தவர் ஆகியோரும் பேசட்டும். மலாய், சீனப் பெரியவர்களும் பேசட்டும். அந்த மேடை எல்லாருக்கும் உரியதாகத்தான் இருந்தது.

அடுத்து, போர்ட்டிக்சன் பாதையின் நிலம் துண்டாடப்படாமல் ஒரே நிலமாக இருக்க ஆவன செய்யவேண்டும். பாதுகாப்பான ஒரு பகுதியை நடைபாதையாகவோ மிதிவண்டிப் பாதையாகவோ திறக்கலாம். பின்னர் வசதி வரும்போது, சிறிய இரயில் வண்டி ஒன்றை அதில் விடுவது பற்றிச் சிந்திக்கலாம். பழைய நிலையங்கள் இருந்த இடங்களில் நான்கு எழுத்துகளிலும் பெயர்ப் பலகை வைக்கலாம். தமிழ் எழுத்து அங்கே புதிதாக வருவதன்று. முன்பிருந்த இடத்திற்குத் திரும்புவது.

மூன்றாவது வேலை உங்களுடையது. அதற்கு அனுமதியும் வேண்டாம், பணமும் வேண்டாம். உங்கள் வீட்டில் அல்லது அண்டைவீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள்? தோட்டத்திலிருந்து டவுனுக்கு எப்படிப் போவீர்கள்? இரயில் ஏறியதுண்டா? எந்த நிலையம்? சீட்டு என்ன விலை? சயாமுக்குப் போனவர்கள் நம் குடும்பத்தில் உண்டா? திரும்பி வந்தார்களா? அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதிவையுங்கள், கைத்தொலைபேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் முப்பது பேர் இருந்தால், முப்பது பதிவுகள் கிடைக்கும். அந்த முப்பதையும் ஒரு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு நெகிரி செம்பிலான் உங்கள் கண்முன் தோன்றும்.

இரயில் ஆர்வலர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அவர்கள் எங்கும் போவதில்லை என்கிறார்கள். என் பார்வையில், அவர்கள் போகும் இடம் தெளிவானது. நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்த வழியைப் பார்க்கப் போகிறார்கள். அந்த வழியில் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓர் இரயில் ஓடட்டும். அதன் சன்னலோரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டு வரட்டும்.